வாரண்டி முடிந்த பிறகுதான் கல் உதிருமா?

கேள்வி: 14 மாதங்களுக்கு முன்பு ரூ.7,200 கொடுத்து 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினேன். பத்தாவது மாதத்திலேயே மாவில் மணல் கலந்ததுபோல நறநறவென்று கல்துகள் வர ஆரம்பித்தது. இப்போது டிரம்மில் கல் பதித்திருக்கும் ஓரத்தில் துருவும் தெரிகிறது. "ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது, கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார் கடைக்காரர். சர்வீஸ் சென்டரிலோ "5 வருட வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தான். புது டிரம் ரூ.2,800" என்கிறார்கள். பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். அதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். பத்தாவது மாதத்தில் துகள் வந்தபோது யாரிடமாவது முறையிட்டீர்களா? கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டிருந்தால்கூடப் போதும். புகார் எண்ணுடன் வந்த குறுஞ்செய்தி உங்கள் போனில் எங்காவது கிடக்கும், தேடுங்கள். வாரண்டிக் காலத்துக்குள் சொல்லப்பட்ட குறை, வாரண்டிக் காலத்துக் குறைதான். அதைச் சரிசெய்யாமல் நாளைக் கடத்திவிட்டு "காலம் முடிந்தது" என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லை.

வாய்மொழியாகக்கூடச் சொல்லவில்லை என்றால் வழி கொஞ்சம் நீளம், ஆனால் அடைபட்டுவிடவில்லை. வாரண்டி அட்டை கம்பெனி தானாக எழுதிக்கொடுத்த வாக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 "குறைபாடு" என்பதற்குத் தரும் விளக்கத்தில் அந்த அட்டையின் தேதியே வருவதில்லை. சட்டப்படி இருக்க வேண்டிய தரமோ, ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரமோ, விற்பவர் தானே சொல்லிக்கொண்ட தரமோ இல்லாவிட்டால் அது குறைபாடு. இந்த மூன்றாவதுதான் உங்கள் கையில் இருக்கும் பிடி. பழைய அட்டைப்பெட்டி பரணில் இருந்தால் இறக்கிப் படியுங்கள். "304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்", "துருப்பிடிக்காத டிரம்" என்று அதில் அச்சிட்டிருந்தால், 14 மாதத்தில் வந்த துருவுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். நல்ல 304 எஃகும் அழுத்தி வடிவமைக்கப்பட்ட இடங்களில் லேசாகக் காந்தத்தை இழுக்கும்.

எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்புப் போட்டுக் கரைத்த மாவை இரவு முழுவதும் டிரம்மிலேயே விட்டீர்களா? புளித்த மாவும் உப்பும் சேர்ந்தால் எவர்சில்வரிலும் புள்ளி விழும். கம்பி நாரால் தேய்த்தீர்களா? கல் சூடாக இருக்கும்போதே குளிர்ந்த நீர் ஊற்றினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். கையேட்டில் "செய்யாதீர்கள்" என்று இருப்பதைச் செய்திருந்தால் உங்கள் வழக்கு மெலிந்துவிடும்.

கல் விஷயத்தில் ஒன்று. புதுக் கல்லில் முதல் சில தடவை துகள் வருவது இயல்பு. அதனால்தான் நம் வீடுகளில் பழைய அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிக் கல்லைப் பழக்குகிறோம். பத்து மாதம் ஒழுங்காக அரைத்த கல் அதற்குப் பிறகு உதிர்ந்தால் அது பழகாத கல் அல்ல, சொத்தைக் கல். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கேட்ட காலத்தில் கல் வழவழப்பாகிவிட்டதே என்றுதான் குறைப்பட்டார்கள். பொடியாக உதிர்கிறது என்று ஆட்டுக்கல்லைக் குறை சொன்ன பாட்டியை நான் பார்த்ததில்லை.

இனிச் செய்ய வேண்டியது. அடுத்த முறை அரைத்த மாவை நீரில் கரைத்து அடியில் தங்கும் துகளைப் படம் எடுங்கள். துருவையும் எடுங்கள். சர்வீஸ் சென்டர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் தரும் ஜாப் சீட்டில் "வாடிக்கையாளர் கூறும் குறை" என்ற இடத்தில் "கல் உதிர்கிறது, டிரம் துரு" என்று எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் சர்வீஸ்" என்று எழுதித் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்தே ஒரு கடிதம்: வாங்கிய தேதி, குறை தெரிந்த தேதி, உங்கள் கோரிக்கை, 15 நாள் அவகாசம். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். பணம் வாங்கியவர் அவர். "கம்பெனியைக் கேளுங்கள்" என்று கைகாட்டினால் அவர் பொறுப்பு தீர்ந்துவிடாது.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனாலும் சர்வீஸ் சென்டரில் கல்லாய் நிற்பவர்கள், தலைமை அலுவலகத்துக்குப் புகார் போனதும் இளகுவதுண்டு. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் பதியலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு என்பது கெடு. அது எந்த நாள் என்ற வாதத்துக்கே இடம் கொடுக்காமல், வாங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் 10 மாதம் இருக்கிறது.

குறை பொருளில்தான் இருக்கிறது என்று காட்டும் சுமை பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். எஃகின் தரம் போன்ற, பார்த்துத் தெரியாத விஷயத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். 3 மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அந்த வேகத்தை எதிர்பார்த்துப் புது கிரைண்டர் வாங்காமல் இருக்காதீர்கள். பழையதை மட்டும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், சாட்சியே அதுதான்.

கேள்வி: கணவர் மறைந்த பிறகு வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறேன். 5 மாதத்தில் கிரைண்டர் மோட்டார் எரிந்துவிட்டது. "வியாபாரத்துக்குப் பயன்படுத்தியதால் வாரண்டி கிடையாது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்கிறார்கள்.
- வாசகி, மதுரை

பதில்: பொய்யோடு மெய்யையும் சேர்த்துச் சொன்னால் எடுபடும் என்று நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் ஒரு பாதி மெய், மறு பாதி பொய்.

பொய்யை முதலில் பார்ப்போம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கமும் தருகிறது. நீங்களே அரைத்து நீங்களே விற்கிறீர்கள். நீங்கள் நுகர்வோர்தான். மனுவில் "பிழைப்புக்காக, சுயதொழிலாக" என்ற சொற்களை மறக்காமல் எழுதுங்கள்.

இனி மெய். அட்டையில் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று இருந்தால் அந்த நிபந்தனை உங்களுக்கு எதிராக நிற்கும். வீட்டு கிரைண்டரை நாளெல்லாம் ஓட்டினால் மோட்டார் சூடேறிச் சுருள் கருகும். இங்கே நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். வாங்கும்போது கடைக்காரரிடம் "மாவு வியாபாரத்துக்கு" என்று சொன்னீர்களா? அவர் "இதுவே தாங்கும்" என்று எடுத்துக்கொடுத்தாரா? அப்படியானால் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோக்கத்தைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்த நோக்கத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. உடன் வந்தவர் யாராவது இருந்தால் அவர் சொல் உதவும். அடுத்ததாக வாங்கும்போது கமர்ஷியல் கிரைண்டர் விலையைக் கேட்டுத் தலைசுற்றினாலும் அதையே வாங்குங்கள்.

கேள்வி: மிக்ஸி ஜாரின் பிளேடு 3 மாதத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. பில் தொலைந்துவிட்டது. பில் இருந்தாலும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அதில் அச்சிட்டிருந்ததே?
- வாசகர், சேலம்

பதில்: அந்த வரியைப் பார்த்து மிரள வேண்டாம். மனம் மாறியவரைத் திருப்பி அனுப்ப அது உதவும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு 30 நாள் கடந்துவிட்டதால் வாரண்டி வழியே போங்கள். பில்லுக்குப் பதிலாக யுபிஐ அல்லது கார்டு பரிவர்த்தனைப் பதிவும், கடை முத்திரை விழுந்த வாரண்டி அட்டையும் உதவும். கடையின் கணினியில் உங்கள் போன் எண்ணைத் தட்டினாலே பில் வந்துவிடும், நகல் கேளுங்கள். ஜாரைக் கழுவித் துடைத்து எடுத்துப்போங்கள். பூண்டு வாடையோடு போனால் கவுன்டரில் இருப்பவர் கையில் வாங்கிப் பார்க்கவே யோசிப்பார்.