டாக்டர் பதில்கள்: முதலில் தொடாதீர்கள்

கேள்வி: குழந்தை மருத்துவ முதுநிலைப் பயிற்சியில் முதலாண்டு படிக்கிறேன். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாலே குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. சீனியர்களிடம் அப்படி அழுவதில்லை. இந்தத் துறை எனக்கு ஒத்துவராதோ?

பதில்: எட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல் புதுமுகம் கண்டு அழுவது வளர்ச்சியின் அடையாளம். என்ன செய்தாலும் அழாமல் துவண்டு கிடக்கிற குழந்தைதான் எனக்குக் கவலை தரும்.

தலையில் தொடங்கிக் காலில் முடிப்பதெல்லாம் பெரியவர்களுக்கு. குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும். சட்டையை அவரையே தூக்கச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று மூச்சை எண்ணுங்கள். குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. எனவே முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூக்கு விடைக்கிறதா, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்றும் பாருங்கள். அழத் தொடங்கிவிட்டால் இவை எதையும் நம்ப முடியாது.

அடுத்து நெஞ்சு. ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். பிறகு வயிறு. காதும் தொண்டையும் கடைசியில்தான். அப்படியும் அழுதால், அழுகைக்கு நடுவே இழுக்கும் நீண்ட மூச்சில் நுரையீரல் நன்றாகவே கேட்கும். ஸ்டெதாஸ்கோப்பில் பஞ்சுக் கரடியைத் தொங்கவிடும் டாக்டர்கள் உண்டு. கரடியைப் பார்த்தும் அழும் குழந்தைகளும் உண்டு!

கேள்வி: மருந்தளவைக் கணக்கிடும்போது கை நடுங்குகிறது. வழி சொல்லுங்கள்.

பதில்: நடுங்கட்டும், நல்லதுதான். 8 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 120 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 மில்லி. 250 உள்ளது என்றால் 2.4 மில்லிதான். லேபிளைப் படிக்காமல் "ஒரு மூடி கொடுங்கள்" என்று சொல்லி அனுப்புபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

.5 என்று எழுதாமல் 0.5 என்றே எழுதுங்கள். 5.0 வேண்டாம், புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். நர்ஸிடம் விடையைக் காட்டி "சரிதானே?" என்று கேட்டால், "சரி" என்றுதான் பதில் வரும். எடையையும் மருந்தையும் மட்டும் சொல்லி, அவரைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவு டியூட்டியில் ஒரு தாய், "இவன் வழக்கம்போல் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். ரத்த அழுத்தம் சரியாகவே இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அவனை நீங்கள் பார்ப்பது அரை மணி நேரமாகத்தான். குழந்தைகளின் ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று விழும். அதற்கு முன்பே நாடித்துடிப்பு எகிறியிருக்கும், கை கால் சில்லிட்டிருக்கும். நெஞ்செலும்பின் மேல் விரலால் 5 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் பழைய நிறத்துக்குத் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் உடனே சிகிச்சையைத் தொடங்கி, சீனியரையும் எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும்.