டொண்டரும் கொள்ளேகாலும்

அன்புள்ள ஐயா,
முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920-இல், டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவிலுள்ள ஷ்லெஸ்விக் பகுதியின் எல்லையை மக்கள் வாக்கெடுப்பில் தீர்த்ததைப் படித்தேன். மக்களைக் கேட்டார்கள், தீர்ந்தது. 1956-இல் நம் கோவை ஜில்லாவிலிருந்த கொள்ளேகாலை மைசூருக்குக் கொடுத்தபோதும் அப்படிக் கேட்டிருக்கலாமே? காஷ்மீருக்கும் இது பொருந்துமா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

காஷ்மீரை விடுங்கள். கடிதத்தின் கடைசி வரியில் செருகிக் கேட்கிற விஷயமா அது?

‘கேட்டார்கள், தீர்ந்தது’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எப்படி எண்ணினார்கள் என்று பார்த்தீர்களா? பிப்ரவரி 10 அன்று வடக்கு மண்டலத்தின் வாக்குகளை ஒட்டுமொத்தமாக எண்ணினார்கள். டென்மார்க்குக்கு 75 சதவீதம். அதற்குள் டொண்டர் என்று ஒரு நகரம். அங்கே முக்கால்வாசிப் பேர் ஜெர்மனிக்கே வாக்களித்தார்கள். ஆனாலும் டென்மார்க்குக்குத்தான் போனது. மார்ச் 14 அன்று தெற்கு மண்டலத்தில் மட்டும் ஊர் ஊராக எண்ணினார்கள். ஜெர்மனிக்கு 80 சதவீதம். ஃபோர் தீவில் மூன்று ஊர்கள் டென்மார்க் கேட்டன. எல்லையை ஒட்டி இல்லை என்று அவையும் ஜெர்மனியிலேயே நின்றன. எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கும் டொண்டரைத் தனியாக எண்ணியிருந்தால் கோடு வேறு பக்கம் ஓடியிருக்கும். இரண்டு மண்டலங்களுக்கும் நடுவிலான கோடோ, கிளவுசன் என்ற டேனிஷ் வரலாற்றாசிரியர் எப்போதோ வரைந்து வைத்தது! அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது சீட்டை யார் வேண்டுமானாலும் குலுக்கட்டும். கிணறு எந்தப் பங்கில் விழுகிற மாதிரி வரப்புப் போட்டார்கள் என்பதல்லவா பேச்சு?

ஜெர்மானிய நாடான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் 1866-இல் செய்துகொண்ட பிராக் ஒப்பந்தத்திலேயே வடக்கு ஷ்லெஸ்விக் மக்களைக் கேட்பதாக எழுதியிருந்தார்கள். 1878-இல் அந்த இரண்டு நாடுகளுமே சேர்ந்து அந்த வரியை அடித்துவிட்டன. அதையும் படியுங்கள்.

எங்கள் அப்பாருக்குக் கொள்ளேகால் பக்கம் கொஞ்சம் காடு இருந்தது. 56-க்குப் பிறகு கந்தாய ரசீது கன்னடத்தில் வர ஆரம்பித்தது. அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு சத்தியமங்கலம் சந்தைக்குப் போவார். அங்கே சேலை விற்கிற தேவாங்கர் ஒருவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், வியாபாரத்துக்கு நடுவே வாசித்துச் சொல்வார். ‘பாக்கி ஒண்ணுமில்லீங்க கவுண்டரே’ என்று அவர் சொல்லும்வரை அப்பாரு வெற்றிலைகூடப் போட மாட்டார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். யாருமே அவரைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் தாலுகா முழுவதையும் சேர்த்து எண்ணியிருந்தால் மைசூர்தான். அங்கே கன்னடம் பேசுகிறவர்களே அதிகம். ஊர் ஊராக எண்ணியிருந்தால் காவிரிக்கரைத் தமிழ் ஊர்கள் சில இந்தப் பக்கம் வந்திருக்கலாம். இதில் நீங்கள் எந்தக் கணக்கைச் சொல்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் ‘கேட்டிருக்கலாமே’ என்று மட்டும் எழுதாதீர்கள்.