கேபினெட் ஃபேன் இரைச்சல்: மாற்றும் முன் காது கொடுங்கள்

கேள்வி: கம்ப்யூட்டர் வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. கேபினெட்டின் முன்பக்கம் மூன்று, பின்பக்கம் ஒன்று என நான்கு கலர் லைட் ஃபேன்கள், கேபினெட்டோடு வந்தவை. வாங்கிய நாளிலிருந்தே ‘உய்ய்’ என்ற இரைச்சல் உண்டு. இப்போது காலையில் ஆன் செய்ததும் பத்து நிமிடம் ‘கரகர’ சத்தமும் சேர்ந்துகொண்டது. வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறேன், பக்கத்திலேயே குழந்தை தூங்குகிறது. நான்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள் கடையில். நானே மாற்றலாமா? எதை வாங்குவது? – மதுரை வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனி சத்தங்கள். காலையில் வந்து சூடேறியதும் அடங்கிவிடும் கரகர, பேரிங்கில் எண்ணெய் வற்றிப்போனதன் அடையாளம். அநேகமாக அது ஒரே ஒரு ஃபேனின் வேலை. நாள் முழுக்கக் கேட்கும் உய்ய் சத்தத்துக்குக் காரணம் வேகம். நான்கு புது ஃபேன் வாங்கிப் பழைய வயரிலேயே மாட்டினால் கரகர போகும், உய்ய் அப்படியே இருக்கும். அதனால் பணத்தை எடுக்கும் முன் நாளைக் காலை, கரகர கேட்கும் நேரத்தில், ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் எந்த ஃபேன் என்று கண்டுபிடிக்க வேண்டும். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேனின் நடுப்பகுதிக்கும் அருகே, இறக்கையில் படாமல் கொண்டுபோங்கள். கரகர எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகப் பிரிந்து கேட்கும். சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு கேபினெட் ஃபேனின் வயரை மட்டும் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கேபினெட் ஃபேன் ஒன்று கொஞ்ச நேரம் ஓடாமல் இருப்பதால் எதுவும் ஆகிவிடாது. ஆனால் பிராசசர் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றிச் சோதிக்காதீர்கள். ‘டிக் டிக்’ என்று சீராக வந்தால் ஏதோ ஒரு வயர் இறக்கையை உரசுகிறது, ஒரு ஜிப் டையில் முடிகிற வேலை. வீடியோ ரெண்டர் ஆகும்போது (எடிட் செய்தது இறுதி வீடியோவாக உருவாகும்போது) மட்டும் மெல்லிய ‘கீச்’ வந்தால் அது ஃபேனே அல்ல, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டிலுள்ள கம்பிச்சுருள் (coil) எழுப்பும் ஒலி.

ஃபேன் நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா என்று பலரும் கேட்பார்கள். புது ஃபேன் வரும்வரை ஓட்டுவதற்கு விடலாம், நிரந்தரத் தீர்வாக நம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரியிலேயே அது உறையத் தொடங்கும், ஏசி அறையில் ஃபேன் அப்படியே இறுகிக்கொள்ளும்.

இனி உய்ய் சத்தம். கேபினெட்டோடு வரும் கலர் ஃபேன்களில் பல மதர்போர்டோடு இணைக்கப்படுவதே இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் நான்கு ஓட்டை மோலெக்ஸ் கனெக்டரிலோ, அதே வயரில் ஓடும் ஒரு சின்ன ஹப்பிலோ (பல ஃபேன்களைச் சேர்த்து மாட்டும் பலகை) மாட்டியிருப்பார்கள். அப்படியானால் எந்நேரமும் முழு 12 வோல்ட், எந்நேரமும் முழு வேகம். நீங்கள் வெறுமனே மெயில் படித்துக்கொண்டிருந்தாலும் அவை ரெண்டர் நடப்பதுபோலவே ஓடும். உங்கள் கேபினெட்டைத் திறந்து இந்த வயரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். வாங்கிய நாளிலிருந்தே இரைச்சல் என்று எழுதியிருப்பதால் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரே மாதிரி நான்கு ஃபேன்களில் இரண்டை நிறுத்தினால் சத்தம் குறைவது வெறும் 3 டெசிபல், காது அதைப் பெரிதாக உணராது. அதே ஃபேன்களின் வேகத்தை நிமிடத்துக்கு 1200 சுற்றிலிருந்து 600 சுற்றுக்குக் குறைத்தால் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியாகிவிட்டதுபோல் நம் காதுக்குத் தோன்றும் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். எத்தனை ஃபேன் என்பதைவிட எவ்வளவு வேகம் என்பதே முக்கியம்.

வேகத்தைக் குறைத்தால் சூடாகாதா? வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், அது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே 200 வாட் வெப்பம் உருவாகிறது, நிமிடத்துக்கு 60 கன அடி காற்று உள்ளே போய் வெளியே வருகிறது என்றால், அந்தக் காற்று அறையைவிட ஏறத்தாழ 6 டிகிரி கூடுதலாகச் சூடாகும். காற்று 30 கன அடியானால் 12 டிகிரி. அதாவது நாள் முழுக்க இரைச்சலைச் சகித்து நீங்கள் பெறுவது இந்த 6 டிகிரிதான். ரெண்டர் நேரத்தில் அது தேவைப்படலாம், மற்ற நேரத்தில் தேவையில்லை. ஆகவே, தேவைப்படும்போது மட்டும் வேகம் கூடும் ஃபேன்தான் உங்களுக்கு வேண்டியது.

நான்கு முள் கனெக்டர் உள்ள பி.டபிள்யூ.எம். ஃபேன் வாங்குங்கள். நாலாவது வயர்தான் மதர்போர்டின் வேகக் கட்டளையைக் கொண்டுவருகிறது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மொத்தம் மூன்று போதும். ஸ்கேலை வைத்து ஃபேன் சட்டத்தின் ஒரு பக்கத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 120 மில்லிமீட்டர் இருக்கும். முன்பக்கத்தில் 140க்கான துளைகளும் இருந்தால் அதையே போடுங்கள், பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். ‘ஸ்லீவ் பேரிங்’ என்று மட்டும் போட்டிருப்பதைத் தவிர்த்து, ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் உள்ளதைக் கேளுங்கள். ஆர்க்டிக் நிறுவனத்தின் பி12 பி.டபிள்யூ.எம். பட்ஜெட்டுக்குள் அடங்கும் நல்ல ஃபேன். நாக்டுவா விலை அதிகம், ஆனால் குழந்தை தூங்கும் அறை என்பதால் கையில் பணம் இருந்தால் நான் தடுக்க மாட்டேன். கலர் லைட் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை: மூன்று முள் லைட் கனெக்டர் 5 வோல்ட், நான்கு முள் லைட் கனெக்டர் 12 வோல்ட். 5 வோல்ட் லைட்டை 12 வோல்ட்டில் மாட்டினால் லைட் அக்கணமே போய்விடும்.

மாட்டுவது கடினமில்லை, ஒரு திருப்புளி போதும். ஃபேனின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையில் காற்று போகும். இல்லையென்றால், மோட்டார் ஸ்டிக்கரும் அதைத் தாங்கும் சட்டமும் உள்ள பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். முன் ஃபேன்களில் அந்தப் பக்கம் உள்நோக்கியும், பின் ஃபேனில் வெளிநோக்கியும் இருக்க வேண்டும். புது ஃபேனின் துளையில் மரை இருக்காது, ஸ்க்ரூவே வெட்டிக்கொண்டு இறங்கும். அதனால் முதல் முறை கை வலிக்கும், பயப்படாதீர்கள். நான்கையும் பாதி இறக்கிவிட்டு, மூலைக்கு மூலை மாற்றி முறுக்குங்கள். சிலிக்கோன் ரப்பர் ஊசிகள் கூட வந்திருந்தால் ஸ்க்ரூவுக்குப் பதில் அவற்றையே போடுங்கள், தகட்டுக்கு அதிர்வு போகாது.

வயரை மதர்போர்டில் ‘சிஸ் ஃபேன்’ (SYS_FAN) அல்லது ‘சா ஃபேன்’ (CHA_FAN) என்று பெயருள்ள முள்களில் மாட்டுங்கள். ஒரே இடம்தான் காலியா? ஸ்ப்ளிட்டர் வயர் போடலாம். பொதுவாக ஒரு இணைப்பு 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியர்களைக் கூட்டிப் பாருங்கள்.

இனிமேல்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். புது ஃபேனை மாட்டி, பயாஸை, அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையை, தொடாமலேயே மூடிவிடுகிறார்கள். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். அசுஸ் போர்டில் ‘க்யூ ஃபேன்’, ஜிகாபைட் போர்டில் ‘ஸ்மார்ட் ஃபேன்’ என்று இருக்கும். முதலில் அந்த இணைப்பு பி.டபிள்யூ.எம். முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மூன்று முள் ஃபேன் ஒன்றையும் வைத்துக்கொள்வதானால் அதன் இணைப்பை மட்டும் டி.சி. முறைக்கு (வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைப்பது) மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது முழு வேகத்திலேயே ஓடும். பிறகு வேகக் கோடு, அதாவது பிராசசர் எவ்வளவு சூடானால் ஃபேன் எவ்வளவு வேகம் என்ற அமைப்பு: 60 டிகிரி வரை 30 சதவீதம், 75 டிகிரியில் 60, 85 டிகிரியில் 100. பிரவுசரைத் திறந்தாலே பிராசசர் சூடு ஒரு நொடியில் 20 டிகிரிகூடத் துள்ளலாம். ஃபேனும் அதன் பின்னாலேயே ஏறி இறங்கினால் அந்த ஏற்ற இறக்கம்தான் தூங்குகிற குழந்தையை எழுப்பும். சீரான சத்தம் குழந்தையை எழுப்பாது. வேகம் கூடுவதற்கான தாமதம் என்ற அமைப்பு இருந்தால் அதைச் சில நொடிகளாக வையுங்கள்.

முன்பக்கம் கண்ணாடி மூடியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைக் கழற்றி வைத்து ஒருமுறை கேளுங்கள். கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் நடுவே விரல் அகல இடைவெளிகூட இல்லாமல் விற்கப்படும் கேபினெட்டுகளில் எந்த ஃபேனும் மூச்சுத் திணறி இரையும்.

எல்லாம் முடிந்ததும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி முன்பக்கம் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் திசை சரி. தூசியை புளோயரால் அடிக்கும்போது இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். கரகர எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ளிருந்து வருவது தெரிந்தால் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும், அதைக் கடைக்கே கொண்டுபோங்கள்.

அறை சூடு ஒரு டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மார்கழிக் காலையில் வைத்த அமைப்பு மதுரையின் சித்திரை மதியத்துக்குப் போதாமல் போகலாம். ஆகவே நல்ல வெயில் நாளில், ஏசி போடாமல், அரைமணி நேரம் ஓடும் ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பிராசசர் 85 டிகிரியைத் தாண்டாவிட்டால், 30 சதவீதம் என்று வைத்ததை 25 ஆக்கி மறுபடி சோதியுங்கள்.