பண்டைய வரலாற்றுக் கட்டுரை: மதிப்பெண் எதற்கு விழுகிறது?

கே: ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலோபொனீசியப் போர் பற்றிய கட்டுரையில் ஒரு தகவல்கூடத் தப்பில்லை. ஆனாலும் நூற்றுக்கு 58தான். ‘விவரிப்பு அதிகம்’ என்று ஒரு வரிக் குறிப்பு. என்ன குறை?

ப: தகவல் சரியாக இருந்ததால்தான் 58 வந்திருக்கிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இளங்கலைக்கு 40 தேர்ச்சி, 70ஐத் தொட்டால் முதல் வகுப்பு. இன்னும் பத்துத் தகவல் சேர்த்தாலும் 60ஐத் தாண்டுவது கடினம். கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் என்ன என்பதைத்தான் திருத்துபவர் தேடுகிறார்.

கி.மு. 430இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நோய் பரவியது, ஏராளமானோர் மாண்டார்கள், மறு ஆண்டு ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸும் இறந்தார்’ என்பது விவரிப்பு. அதே நோயில் விழுந்து பிழைத்த, இந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடிஸ், போரில் மாண்டவர்களுக்காகப் பெரிக்ளிஸ் ஆற்றிய இரங்கல் உரை முடிந்த கையோடு நோயைக் கொண்டுவருகிறார். நகரத்தின் பெருமையையும் சீரழிவையும் அடுத்தடுத்து வைத்தது ஏன் என்று கேட்டுப் பாருங்கள், ஆய்வு அங்கே தொடங்கிவிடும். சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் வாசியுங்கள். ஆண்டுவாரியாக நகர்ந்தால் கதை சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள்.

கே: பண்டைய சான்றிலிருந்து சில வரிகளைக் கொடுத்து எழுதச் சொல்லும் மூலப்பகுதி விளக்கத்துக்குப் பின்னணி வரலாற்றை நன்றாக எழுதினால் போதாதா?

ப: போதாது. பலரும் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான். கொடுத்த வரிகளிலேயே கை வைக்க வேண்டும்.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் சாதனைக் கல்வெட்டு எப்படித் தொடங்குகிறது? 19 வயதில் சொந்தச் செலவில் படை திரட்டி, ஒரு கோஷ்டியின் ஆதிக்கத்திலிருந்து குடியரசை மீட்டதாக அவரே சொல்கிறார். எந்தக் கோஷ்டி? அதிகாரத்துக்குத் தன்னோடு மோதிய ஆன்டனியை எதிரியாக ஓரிடத்திலும் பெயர் சொல்லவில்லை. அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் ‘என் தந்தையைக் கொன்றவர்கள்’, அவ்வளவுதான். பதவி எதுவும் இல்லாத ஓர் இளைஞன் படை திரட்ட உரிமை ஏது என்ற கேள்வியையும் அந்த வாக்கியம் அழகாக மூடிவிடுகிறது. இன்றைய துருக்கியின் அங்காராவில் கோயில் சுவரில் இதன் லத்தீன் மூலத்தோடு கிரேக்க மொழிபெயர்ப்பும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் வாசகர் யார்? இவற்றைத் தொட்டு எழுதிய ஒரு பக்கம், பொதுப் பின்னணி எழுதிய மூன்று பக்கங்களைவிட அதிக மதிப்பெண் வாங்கும்.

கே: வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க்கும் பண்டைய ஆசிரியர்தானே? பெரிக்ளிஸ் பற்றி அவர் சொல்வதை நேரடிச் சான்றாகக் காட்டலாமா?

ப: இருவருக்கும் நடுவே சுமார் 500 ஆண்டு இடைவெளி இருக்கிறது. ஆனாலும் அவரை ஒதுக்கிவிடாதீர்கள். இன்று தொலைந்துபோன பல நூல்களை அவர் படித்திருந்தார். அவர் சொல்லும் செய்தி எங்கிருந்து அவருக்குக் கிடைத்திருக்கும் என்று கட்டுரையிலேயே ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

கே: துசிடிடிஸுக்குப் பக்க எண் கொடுத்தேன். அடிக்குறிப்பு எல்லாவற்றையும் சுழித்துவிட்டார்கள்!

ப: பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பண்டைய நூல்களுக்குப் பகுதி, அத்தியாய எண்தான் வழக்கம்: கொள்ளைநோய் என்றால் 2.47 முதல் 2.54 வரை (இரண்டாம் பகுதி, 47 முதல் 54 வரையான அத்தியாயங்கள்). பக்க எண் இக்கால ஆய்வு நூல்களுக்கு.

கே: கிரேக்கம், லத்தீன் தெரியாது. மதிப்பெண் குறையுமா?

ப: மொழிபெயர்ப்பில் படிக்கும் பாடமென்றால் குறையாது. மொழிபெயர்ப்பின் ஒற்றைச் சொல்லை நம்பி முழு வாதத்தையும் கட்டாமல் இருந்தால் சரி.

கே: 68 வந்திருக்கிறது. மேல்முறையீடு செய்யலாமா?

ப: பிரிட்டனில் ‘இன்னும் அதிகம் தந்திருக்கலாம்’ என்பது மேல்முறையீட்டுக்குக் காரணமாகாது. நடைமுறைப் பிழை இருந்தால் கேட்கலாம். பெயரை மறைத்துத் திருத்துவதும், வேறோர் ஆசிரியர் மாதிரிக்குச் சில கட்டுரைகளைச் சரிபார்ப்பதும், வெளித்தேர்வாளர் பார்ப்பதும் பெரும்பாலான இடங்களில் உண்டு. 68 நல்ல மதிப்பெண். கட்டுரையை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வாதம் எந்தப் பத்தியில் தளர்ந்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.