மர ஸ்டாக் ரைஃபிள்: டெல்லித் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கார்த்திக், மயூர் விஹார்: சார், வெளிநாட்டு வீடியோக்களில் வால்நட் மரத்தில் ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை), சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் மாட்ட நுனியில் மரை வெட்டிய பேரல் (குழல்) என்று ரைஃபிள் கட்டுகிறார்கள். இங்கே முடியுமா?

ஸ்டாக் முடியும், சப்ரஸர் முடியாது. சுடும்போது வரும் சத்தத்தையோ ஒளியையோ குறைக்கும் கருவிகள் நம் ஆயுத விதிகளில் தடைசெய்யப்பட்ட வகை. கையில் ரைஃபிள் லைசென்ஸ் இருக்கிறது என்பதால் அது மாறாது. பின்லாந்து வேட்டைக்காரர்கள் காதைக் காப்பாற்ற மாட்டுகிறார்கள். அது அவர்கள் ஊர்ச் சட்டம். சினிமாவில் வருகிற ‘புஸ்’ சத்தத்தையும் நம்பாதீர்கள். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எந்த சப்ரஸராலும் அடக்க முடியாது.

‘மரை மட்டும் வெட்டி வைக்கிறேனே’ என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். அந்த மரையில் மாட்ட இங்கே சப்ரஸர் கிடையாது. வெட்டுகிறவர் பேரல் நுனியைக் கெடுத்தால் இருக்கிற துல்லியமும் போகும்.

மீனா, ஆர்.கே.புரம்: லைசென்ஸ் உள்ள என் .22 ரைஃபிள், ஜனவரியில் ஜீரோ செய்தால் (குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்தால்) ஆகஸ்டில் வேறு இடத்தில் அடிக்கிறது. மரம்தான் காரணமா அண்ணா?

பெரும்பாலும் ஆமாம் மீனா. மழைக்காலத்தில் வாசல் கதவு பிடித்துக்கொள்கிறதல்லவா, அதேதான். டெல்லி மே மாதத்து வெப்பக்காற்றான லூ மரத்தை உலர்த்திவிடும். ஜூலையில் ஈரக்காற்று வந்ததும் மறுபடி உப்பும். நீளவாக்கில் மரம் அசைவதில்லை என்றே சொல்லலாம். இழைக்குக் குறுக்கே நன்றாக அசையும். ஸ்டாக்கின் பள்ளம் ஒரு பக்கம் நெளிந்து பேரலைத் தொட்டால் போதும். குண்டு போகும்போது பேரல் அதிர்கிறது. தொடும் இடமும் அழுத்தமும் மாறினால் அந்த அதிர்வும் மாறும், அடியும் நகரும்.

ரைஃபிள் காலியா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு தாள் துண்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுழைத்துப் பின்பக்கம் இழுங்கள். வழியில் எங்கே சிக்குகிறதோ அங்கே தொடுகிறது. அதை மாதம் ஒருமுறை செய்து குறித்து வைத்தால் பருவத்தின் கணக்கு தெரிந்துவிடும். ஆக்‌ஷனை (குண்டு ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதியை) ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகுகளின் இறுக்கமும் மாறாமல் இருக்க வேண்டும். மரம் சுருங்கினால் திருகு தளரும். கைக்கணக்கில் இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு பெட்டிங். ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எபாக்ஸி நிரப்பி, திருகுகளைச் சுற்றி அலுமினியக் குழாய் வைப்பார்கள். மரம் உப்பினாலும் ஆக்‌ஷன் உட்காரும் நிலை மாறாது. லைசென்ஸ் பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) தான் கொடுங்கள். பழுதுபார்ப்பதற்கும் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். இன்னொன்று: எல்லோரும் வெளியே எண்ணெய் தேய்த்துப் பளபளக்க வைக்கிறார்கள், உள்பள்ளத்தையும் தோளில் படும் முனையை மூடும் பட் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள வெட்டுமுகத்தையும் பச்சையாக விட்டுவிடுகிறார்கள். ஈரம் அதிகம் ஏறுவது அந்த வெட்டுமுகத்தில்தான். அழகு முக்கியமில்லை என்றால் ஒட்டுமர ஸ்டாக் வாங்குங்கள், இவ்வளவு பாடில்லை. எனக்கென்னவோ அதைப் பார்க்கவே பிடிக்காது!

பெயர் வேண்டாம், கரோல் பாக்: தாத்தாவின் இஷாப்பூர் .315 ரைஃபிள் என் பெயருக்கு முறையாக மாறியது. மரம் எங்கும் தொடாதபடி செதுக்கி, பேரலை மிதக்க விடலாமா?

அவசரப்படாதீர்கள். அது லீ-என்ஃபீல்ட் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் வழி வந்தது. அந்தக் குடும்பத்துப் பழைய ராணுவ ரைஃபிள்களில் முன்கட்டை பேரலை மேல்நோக்கி அழுத்துவதே வடிவமைப்பு. கண்ணை மூடிக்கொண்டு மரத்தைச் செதுக்கினால் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். உங்கள் ஸ்டாக் இரண்டு துண்டு. சுடும்போது வரும் உதை முன்கட்டையின் பின்முனையில் விழும். அங்கே விரிசலோ நசுங்கலோ இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

செந்தில், துவாரகா: தேக்கில் ஸ்டாக் செய்தால்?

எண்ணெய்ப்பசை உள்ள மரம், எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். காஷ்மீர் வால்நட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

லலிதா, ரோகிணி: பையனுக்குப் பதினான்கு வயது, துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சேர ஆசை. மர ஸ்டாக் ஏர் ரைஃபிள் வாங்கலாமா?

இப்போது எதுவும் வாங்காதீர்கள் அம்மா. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ரேஞ்ச் அது; அங்கே பயிற்சி தருபவர்களின் ரைஃபிளிலேயே பழகட்டும். பத்து மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான், அதனால் ரைஃபிள் உடம்புக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். போட்டிக்காரர்கள் பலர் அலுமினிய ஸ்டாக்குக்கு மாறிவிட்டார்கள், உயரம், நீளம் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்பதால். வளரும் பையனுக்கு அதுதான் வசதி.