படத்தின் வயது வேறு, பொருளின் வயது வேறு: பழைய பொம்மைக் கார் உருவங்கள் கொண்ட வீட்டுப் பொருள்களைச் சேர்ப்போருக்கு

கேள்வி: பழைய பொம்மைக் கார்களைச் சேர்ப்பவர்கள் பலர் உள்ளனர். எனக்கோ அந்தக் கார்களின் படமோ உருவமோ இடம்பெற்ற வீட்டுப் பொருள்களில்தான் ஈடுபாடு. மூடியில் கார்கள் அச்சிட்ட தகர டப்பா, பந்தயக் கார் வடிவத்தில் ஒரு தேநீர்க் கெண்டி, முலாம் பூசிய சிறு கார் பொருத்திய புத்தகத் தாங்கி, கார் படம் போட்ட குழந்தைக் குவளை ஆகியவை என்னிடம் உள்ளன. இப்போது ஒரு மதிய உணவுப் பெட்டியும், ஒரு திரைச்சீலையும் தலையணை உறையும் விலைக்கு வந்துள்ளன. இவை உண்மையிலேயே பழையவையா என்று எப்படி அறிவது? இவற்றைச் சுத்தம் செய்யலாமா? அன்றாடம் பயன்படுத்தலாமா? இனி எவற்றைத் தேடிச் சேர்ப்பது நல்லது?

பதில்: உங்கள் கேள்விகளில் முதலில் தீர்க்க வேண்டியது வயதைப் பற்றியதுதான். விலை, பராமரிப்பு, பயன்பாடு எல்லாம் அதையொட்டியே அமையும். இத்துறையில் பலர் ஏமாறுவதற்குக் காரணம், பொருளில் அச்சிடப்பட்ட காரின் வயதையே பொருளின் வயதாக எண்ணிவிடுவதுதான். 1950களில் விற்ற ஒரு பொம்மைக் காரின் படத்தை இன்றுகூட ஒரு குவளையில் அச்சிட முடியும். ஆகவே படத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பொருளைத் திருப்பி அதன் அடிப்பக்கம், விளிம்பு, உட்புறம், தையல், திருகு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

பொருளில் ஒரு பொம்மை நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த நிறுவனத்தின் வரலாறே உங்களுக்கு அளவுகோலாகும். லிவர்பூலில் இயங்கிய மெக்கானோ நிறுவனம் 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்தியது. அதன் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. 1947இல் லண்டனில் தொடங்கிய லெஸ்னி நிறுவனம் 1953இல் மேட்ச்பாக்ஸ் சிறு கார்களை வெளியிட்டது. 1982இல் அது நொடித்துப்போன பின் மேட்ச்பாக்ஸ் என்ற பெயர் யுனிவர்சல் நிறுவனத்துக்கும், 1992இல் டைகோவுக்கும், 1997இல் மேட்டலுக்கும் சென்றது. எனவே மேட்ச்பாக்ஸ் கார்களின் படத்தோடு மேட்டலின் பெயரும் ஒரு டப்பாவில் இருந்தால், அதில் வரைந்திருக்கும் கார் எவ்வளவு பழையதாயினும், அந்த டப்பா 1997க்கு முன் உருவாகியிருக்க வழியில்லை. லெஸ்னியின் பெயர் இருப்பது நல்ல அறிகுறிதான் என்றாலும் அது மட்டும் போதாது. பழைய ஓவியத்தை அப்படியே எடுத்து மறுபதிப்புச் செய்பவர்கள் அதிலுள்ள பழைய பெயரையும் சேர்த்தே அச்சிட்டுவிடுவது உண்டு. பதிப்புரிமை ஆண்டும் இப்படிப்பட்டதே. அது ஓவியத்துக்கோ சின்னத்துக்கோ உரிய ஆண்டேயன்றிப் பொருள் தயாரான ஆண்டைக் குறிக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயர்களைவிட நம்பத்தக்கவை, யாரும் அலங்காரத்துக்காகச் சேர்க்காத சிறு எழுத்துகள். கடைகளில் பட்டைக்குறியீடு (பார்கோடு) 1974இல்தான் முதன்முதலாக வருடப்பட்டது; அது அச்சிடப்பட்ட டப்பா அதற்குப் பிற்பட்டது. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963க்கு முற்பட்டதல்ல. குவளையின் அடியில் மைக்ரோவேவில் வைக்கலாம் என்று எழுதியிருந்தால் அதன் வயதைப் பற்றி வேறு விசாரணை தேவையில்லை. இணைய முகவரி இருந்தால் சொல்லவே வேண்டாம்.

உங்கள் தகர டப்பாவை இந்த வகையில் பார்த்த பிறகு, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்றால் அச்சைப் பாருங்கள். தகரத்தில் நேரடியாக அச்சிடும் முறை 1875இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. அதன் பின் பிஸ்கட் நிறுவனங்கள் சக்கரம் உருளும் வண்டி வடிவ டப்பாக்களைக்கூட விற்று, பிஸ்கட் தீர்ந்ததும் குழந்தைகள் அவற்றைப் பொம்மையாக வைத்து விளையாடும்படி செய்தன. முறையான தகர அச்சில் வண்ணங்கள் தட்டையான படலங்களாகவோ, ஒழுங்கான புள்ளி வரிசைகளாகவோ தெரியும். தூவியதுபோல் ஒழுங்கற்றுச் சிதறிய நுண்புள்ளிகள் தெரிந்தால் அது கணினி அச்சுப்பொறியின் வேலை. விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் ஓரம் இருந்தால் பழைய வெற்று டப்பாவின் மேல் புதிய ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தேய்மானமும் பேசும். பல்லாண்டு புழங்கிய டப்பாவில் மூடி உரசும் இடம், கீல், அடி விளிம்பு, கை படும் மூலை ஆகியவைதான் தேயும். யாரும் தொடாத நடுப்பகுதி வரை ஒரே சீராகத் துருவும் கீறலும் பரவியிருந்தால் அவற்றை வேண்டுமென்றே உண்டாக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

தேநீர்க் கெண்டியைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் இயங்கிய சாட்லர் நிறுவனம் 1930களில் செய்த பந்தயக் கார் கெண்டியைத்தான் பெரும்பாலானவர்கள் தேடுகிறார்கள். மூடியே ஓட்டுநரின் தலை. பலவற்றில் ஓகேடி 42 என்ற வண்டி எண் இருக்கும். சில பகுதிகளில் வெள்ளி நிற மினுக்குப் பூச்சு இருக்கும். இதைப் போலச் செய்தவை பல உலவுகின்றன. அசல் கெண்டி ஒன்றின் மேலேயே அச்சு எடுத்துப் புதிதாக வார்த்தால், களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்குவதால் நகல் அசலைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறியதாகிவிடும். எனவே ஐயத்துக்கு இடமில்லாத ஓர் அசலின் நீளத்தை ஏலப் பட்டியல்களிலிருந்து குறித்து வைத்துக்கொண்டு, உங்களுடையதை அளந்து பாருங்கள். வண்ணம், முத்திரை ஆகியவற்றைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். மூடி உடைந்து வேறு மூடி வைத்த கெண்டிகளும் உண்டு என்பதால், இரண்டின் மெருகும் ஒரே நிறச்சாயலில் உள்ளனவா என்பதையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

உங்களிடம் உள்ளவற்றில் என் ஆவலை மிகவும் தூண்டுவது புத்தகத் தாங்கிதான். லெஸ்னி நிறுவனம் 1956இல் தொடங்கிய மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர் வரிசையின் பழங்காலக் கார்களுக்குப் பொன்னிறமோ வெள்ளிநிறமோ முலாம் பூசி, சாம்பல் கிண்ணம், சிகரெட் பெட்டி, பேனாத் தாங்கி, புத்தகத் தாங்கி போன்றவற்றின் மேல் பொருத்தி, பெரியவர்களுக்கான பரிசுப் பொருள்களாக 1960களிலும் 1970களிலும் விற்றது. பொம்மைக் கார் குழந்தையின் அறையிலிருந்து வரவேற்பறைக்கும் எழுதுமேசைக்கும் வந்ததற்கு இதைவிட நேரான சான்று வேறில்லை. இவற்றில் கவனிக்க வேண்டியது காரும் அடித்தாங்கியும் தொடக்கத்திலிருந்தே இணைந்திருந்தனவா என்பதே. கார் திருகப்பட்ட இடத்தின் அடியிலுள்ள மெருகு சுற்றியுள்ள பகுதியைவிடப் புதிதாக இருக்க வேண்டும். திருகின் தலையில் அண்மையில் கழற்றிய கீறல்கள் இருக்கக் கூடாது. காரின் நிழல்போல் படிந்திருக்கும் நிற வேறுபாடு அதன் வடிவத்தோடு பொருந்த வேண்டும். காரைக் கழற்றித் தனியாக விற்பதும், சாதாரணக் காருக்குப் புதிதாக முலாம் பூசித் தாங்கியில் ஏற்றுவதும் நடக்கின்றன. முலாம் மிக மெல்லியது. உலோக மெருகுப் பசையால் இரண்டு மூன்று முறை தேய்த்தாலே அடி உலோகம் வெளிப்பட்டுவிடும் என்பதால் இதன் அருகே அந்தப் பசையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

இங்கே துத்தநாகக் கலவை வார்ப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்த்த பொம்மைகளிலும் அலங்காரப் பொருள்களிலும், கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, வீங்கி, வெடித்து, நமத்த பிஸ்கட்போல் உதிரும். ஈரப்பதம் இதை விரைவுபடுத்தும். இதைக் குணப்படுத்த வழியில்லை. ஆனால் பலர் அஞ்சுவதுபோல் இது பக்கத்திலுள்ள பொருளுக்குத் தொற்றுவதும் இல்லை. எனவே போருக்கு முற்பட்ட வார்ப்பு எதையும் நேரில் பார்த்து, விரிசல் இல்லையென்று உறுதி செய்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

விலைக்கு வந்திருக்கும் உணவுப் பெட்டிக்கு வருகிறேன். படம் அச்சிட்ட எஃகு மதிய உணவுப் பெட்டிகள் அமெரிக்காவில் 1950இலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை செழித்தன. ஹாட் வீல்ஸ் கார்கள் 1968இல் வெளியானதும், அடுத்த ஆண்டே கிங் சீலி தெர்மோஸ் நிறுவனம் அந்தக் கார்களின் படத்தோடு பெட்டி விற்றது. பானம் வைக்கும் குடுவையும் பெட்டியும் இணையாக விற்கப்பட்டவை என்பதால், குடுவை இல்லாத பெட்டியை முழு இணையின் விலைக்கு வாங்காதீர்கள். உட்புறத்தில் ஒரு குழந்தையின் பெயர் எழுதியிருந்தால் அதை அழிக்கவும் வேண்டாம், அதற்காக விலகிச் செல்லவும் வேண்டாம். அந்தப் பெட்டி வாழ்ந்ததற்கான சான்று அது. பூச்சு உரிந்த இடங்களை யாராவது புது வண்ணத்தால் நிரப்பியிருந்தால் மட்டும் விலகுங்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் துணிகளையே தேர்ந்தெடுப்பேன். தகரமும் உலோகமும் தேடுவோர் மிகுதி என்பதால் அவை காப்பாற்றப்பட்டன. பொம்மைக் கார்கள் அவற்றின் அட்டைப்பெட்டிகளோடு பத்திரமாயின. குழந்தையின் அறைத் திரைச்சீலையோ வெயிலில் வெளுத்தது, தலையணை உறை துவைத்துத் துவைத்து இற்றது, பின்பு கந்தலாகித் துடைப்பதற்குப் போனது. சுவர்த்தாள் சுவரோடு கிழிக்கப்பட்டது. இவற்றில் எஞ்சியவை எதிர்பாராமல் எஞ்சியவை. அதனால்தான் பயன்படாமல் மிஞ்சிய ஒரு சுவர்த்தாள் சுருளோ, திரைச்சீலை தைத்த பின் வெட்டி வைத்த துண்டுத் துணியோ கிடைத்தால் தயங்க வேண்டாம் என்கிறேன். துணியின் ஓரத்துக் கரையில் தயாரிப்பாளரின் பெயரும், அச்சில் பயன்படுத்திய ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு வட்டமும் அச்சிடப்பட்டிருப்பது உண்டு. மடித்துத் தைத்த விளிம்புக்குள் அது ஒளிந்திருக்கலாம். அந்த மடிப்புக்குள் வெயில் படாமல் அசல் நிறமும் இருக்கும். வெளியிலும் உள்ளேயும் நிறம் துளியும் மாறாமல் இருந்தால், அந்தத் துணி ஒருபோதும் சன்னலில் தொங்கவில்லை. ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள். புற ஊதா விளக்கில் நீல வெண்மையாக ஒளிர்ந்தால் புதிய துணி என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். இப்படி ஒளிரச் செய்யும் வேதிப்பொருள் சலவைத்தூளிலிருந்தும் துணியில் ஏறும் என்பதால், பலமுறை துவைத்த பழைய துணியும் அவ்வாறே ஒளிரும். துணிக்கு அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

பயன்பாட்டைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழைய பீங்கான் மெருகிலும், குவளைகளின் மேல் பதித்த வண்ணப் படங்களிலும் ஈயமோ காட்மியமோ இருக்கலாம். புளிப்பான பானங்களும் சூடும் அவற்றைக் கரைத்து இழுக்கும். அமெரிக்கா வீட்டுப் பூச்சு வண்ணங்களிலும் பொம்மைப் பூச்சுகளிலும் ஈயத்துக்குக் கடும் வரம்பு விதித்ததே 1978இல்தான். பழையவற்றில் மட்டுமே இந்தச் சிக்கல் என்றும் எண்ண வேண்டாம். 2010இல் மெக்டொனால்ட்ஸ் தான் விற்ற சுமார் 1.2 கோடி கண்ணாடிக் குவளைகளை, அவற்றின் படங்களில் காட்மியம் இருந்ததால் திரும்பப் பெற்றது. ஆகவே உங்கள் குழந்தைக் குவளையில் எந்தக் குழந்தையும் குடிக்கக் கூடாது. கெண்டியில் தேநீர் ஊற்றக் கூடாது. டப்பாவில் தின்பண்டத்தை நேரடியாகப் போட்டு வைக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சி ஒன்று நிறம் மாறவில்லை என்பதைப் பாதுகாப்பு உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள முடியாது. பிற்காலத்தில் கார் உருவம் கொண்ட மேசை விளக்கு எதையேனும் வாங்கினால், தேர்ந்த மின்பணியாளர் ஒருவர் கம்பியைச் சோதித்து மாற்றும் வரை மின்சாரத்தில் இணைக்காதீர்கள். கழற்றிய பழைய கம்பியை எறியாமல் பொருளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வதில் குறைவாகச் செய்வதே நலம். தகரத்தை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். அழுக்கு போகவில்லையென்றால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை முதலில் மறைவான மூலையில் ஒற்றிப் பார்த்து, வண்ணம் ஏறவில்லை என்று கண்ட பிறகே தொடருங்கள், உடனே உலர்த்துங்கள். இரும்பு நார், துரு நீக்கும் திரவம், சமையல் சோடா எதுவும் வேண்டாம். துணியை வாங்கிய கையோடு துவைக்கவும் வேண்டாம். பூச்சி இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, சுமார் மைனஸ் 18 பாகை செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் வைத்து, பை அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறப்பது அருங்காட்சியகங்களும் கையாளும் வழியாகும்.

வைக்கும் இடத்தில் துணிக்கும் சுவர்த்தாளுக்கும் வெளிச்சமே பகை. அருங்காட்சியகங்கள் இவற்றுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான ஒளியையே அனுமதிக்கின்றன. எனவே மடிக்காமல், அமிலமற்ற தாளோடு உருளையில் சுருட்டி இருளில் வைத்து, முறை வைத்துச் சில வாரங்கள் மட்டும் காட்சிக்கு எடுங்கள். உலோகத்துக்கு உலர்ந்த காற்று வேண்டும். பிவிசி பூசிய பொருள்கள் நாளடைவில் பிசுபிசுத்து, தம்மைத் தொடும் வண்ணப்பூச்சையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும் என்பதால் அவற்றைக் காற்றோட்டமாகத் தனியே வையுங்கள்.

இனிச் சேர்க்கும்போது ஒரு நிறுவனத்தின் பெயரைத் துரத்துவதைவிட வீட்டின் ஓர் அறையை எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். குழந்தையின் படுக்கையறை என்று வரையறுத்தால் திரைச்சீலை, உறை, சுவர்த்தாள், விளக்கு, கடிகாரம் என்று ஒன்றையொன்று விளக்கும் பொருள்கள் சேரும். எழுதுமேசை என்று வரையறுத்தால் உங்கள் புத்தகத் தாங்கிக்குத் துணைகள் கிடைக்கும். விலையை முடிவு செய்ய, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காமல், ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த தொகைகளைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அடிப்பக்கப் படம், அளவு, வாங்கிய இடம், முந்தைய உரிமையாளர் சொன்ன செய்தி ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பழைய கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் அதை உரிக்காமல் விட்டுவிடுங்கள். திரைச்சீலையை வாங்குவதற்கு முன், அதன் அடி மடிப்பை ஓரிடத்தில் பிரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் இசையாவிட்டால், மடிப்பின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பும்படியாவது கேட்டுப் பெறுங்கள்.