பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மதுக்கடைச் சண்டையைத் தனிச் சிறு ஆட்டமாக நடத்துவது எப்படி?

முதல் வேலையாகப் போர் விதிகளை ஓரமாக வையுங்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கைப் பாருங்கள்: வெறுங்கைக் குத்துக்குச் சேதம் 1, அதோடு வலிமைக்கான கூட்டல். வலிமை 16 உள்ள பார்பேரியன் என்ற முரட்டு வீரனுக்குக் கூட்டல் 3, மொத்தம் 4. மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஊர்க்காரனின் உயிர்ப்புள்ளியும் 4தான். குத்துக்கு ஒருவன் சுருண்டு விழுவான். வலிமை 8 உள்ள மந்திரவாதிக்கோ கூட்டுவதற்குப் பதில் 1 கழியும், குத்தினால் சேதம் பூஜ்யம். போதாக்குறைக்குப் பத்துப் பன்னிரண்டு குடிகாரர்களுக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டினால் இரவு அதிலேயே கழிந்துவிடும்.

நான் நடத்துவது இப்படி. ஒவ்வொருவருக்கும் மூன்று சோழிகள். எதிர்க்கும்பல் முழுவதற்கும் சேர்த்து ஒரே குவியல்; நாம் நான்கு பேர் என்றால் அதில் எட்டு. யார் முதலில் என்ற வரிசை கிடையாது. எல்லோரும் செய்யப்போவதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இருபது முகப் பகடையை ஒன்றாக உருட்ட வேண்டும். பொருத்தமான திறனையும் கூட்டி 12 அல்லது அதற்கு மேல் வந்தால் குவியலில் ஒரு சோழி குறையும். வராவிட்டால் உங்கள் கையில் ஒன்று குறையும். கை காலியானவர் மேசைக்கடியில் கிடப்பார், சாக மாட்டார்.

ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பது அடுத்த விதி. அறையிலுள்ள ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுதான் மோத வேண்டும். ஒருவர் சொன்ன பொருளை மறுபடி யாரும் சொல்லக் கூடாது. முக்காலி, குவளை, பெஞ்சு எல்லாம் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகுதான் எல்லோரும் அறையையே கவனிக்க ஆரம்பிப்பார்கள். எங்கள் குழுவில் மந்திரவாதியாக ஆடும் தோழி, பத்து பவுண்டுக்கு மேல் தூக்க முடியாத ‘மேஜ் ஹேண்ட்’ மந்திரக் கையை ஏவி, அடுப்படியில் கிடந்த ஈரச் சாக்கை ஒருவன் தலையில் கவிழ்த்தாள். விதிப்படி அந்தக் கையால் தாக்க முடியாது. கவிழ்ப்பது தாக்குதல் ஆகாது என்று வாதாடினாள், விட்டுக்கொடுத்தேன்.

இடமும் முக்கியம். இந்த ஆட்டத்தின் கற்பனை உலகிலுள்ள வாட்டர்டீப் நகரின் யானிங் போர்ட்டல் மதுக்கடைக் கூடத்தில் பாதாளத்துக்கு இறங்கும் பெரிய கிணறு ஒன்று இருக்கிறது. சண்டைக்கு நடுவே அப்படியொரு கிணறு இருந்தால் வேறு அலங்காரமே வேண்டாம்.

வாளை உருவினாலோ ‘ஃபயர்பால்’ என்ற தீப்பந்து மந்திரத்தை ஏவினாலோ சிறு ஆட்டம் அங்கேயே முடிந்தது. சோழிகளை அள்ளிவிட்டு முழுப் போர் விதிக்குப் போய்விடுவேன், ஊர்க்காவலரும் வருவார்கள். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனஸ்தாபம் வரும்.

நான்கு சுற்றோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் அலுக்கும். பயன்படுத்திய பொருள்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் கடைக்காரர் நீட்டும் பில் அதுதான். விதிநூலில் ஒரு குவளை ஏல் (பீர் வகை) 4 செம்புக்காசு, கண்ணாடிப் புட்டி 2 பொற்காசு. ஆகவே குடித்ததைவிட உடைத்ததற்குத்தான் அதிகம் அழ வேண்டியிருக்கும். திருடனாக ஆடுபவர் அந்நேரம் பார்த்து நழுவப் பார்ப்பார். பின்வாசலில் சமையற்காரியை அகப்பையோடு நிறுத்தி வையுங்கள்.